மூன்று வரிக் கணக்கும் அம்மாவின் இன்சுலினும்

ஆஸ்திரேலியாவில் வண்டியில் ஃப்ரிட்ஜ் வைத்து ஊர் சுற்றுவது ரொம்பச் சாதாரணம். பின்பக்கம் பெட்டி மாதிரி ஒரு 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ், அதற்கென்று தனியாக இரண்டாவது பேட்டரி, கூரையில் ஒரு சோலார் பேனல். எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியிலேயே ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜை ஓட்டினால் காலையில் வண்டி கிளம்பாது. அடுத்த ஊர் 200 கி.மீ. தள்ளி இருக்கிற நாட்டில் இது விளையாட்டு இல்லை. அதனால்தான் இரண்டாவது பேட்டரி.

எவ்வளவு பெரிய பேட்டரி, எவ்வளவு பெரிய பேனல் என்று யாரைக் கேட்டாலும் ஒரே கணக்கைத்தான் சொல்கிறார்கள். நானும் அதையே நம்பி, அதையே நாலு பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். அந்தக் கணக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கணக்கு மூன்றே வரி. ஒன்று: ஃப்ரிட்ஜ் சராசரியாக 1.5 ஆம்பியர் இழுக்கும், ஒரு நாளைக்கு 36 ஆம்பியர்-அவர் (ஏஹெச்). இரண்டு: 120 வாட் பேனல், 5 மணி நேர நல்ல வெயில், 600 வாட்-அவர், 12ஆல் வகுத்தால் 50 ஏஹெச். மூன்று: வரவு செலவைவிட அதிகம், ஆகவே 100 ஏஹெச் பேட்டரி போட்டால் ஆயுசுக்கும் கவலை இல்லை.

கூட்டல் வகுத்தலில் தப்பே இல்லை. ஆனால் போன ஜனவரியில் மர்ரே ஆற்றங்கரையில், மில்டூரா பக்கத்தில், ராத்திரி இரண்டு மணிக்கு என் ஃப்ரிட்ஜ் நின்றுபோய்க் கிடந்தது. உள்ளே 17 டிகிரி. அதில் இருந்தது குளிர்பானம் மட்டும் இல்லை. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவின் ஒரு மாத இன்சுலினும் இருந்தது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து மீட்டரும் நோட்டுமாக உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பிரித்துப் பார்த்தேன்.

முதல் வரி, அந்தச் சராசரி 1.5 ஆம்பியர். இது பெரும்பாலும் 25 டிகிரி அறையில், மூடியைத் திறக்காமல் வைத்து அளந்தது. பெட்டிக்குள் நுழைகிற சூடு, வெளி வெப்பநிலைக்கும் உள் வெப்பநிலைக்கும் இருக்கிற வித்தியாசத்தைப் பொறுத்தது. உள்ளே 4, வெளியே 25 என்றால் வித்தியாசம் 21. ஜனவரி வெயிலில் மூடி நிற்கும் வண்டிக்குள் 55 டிகிரி சுலபமாக வந்துவிடும், வித்தியாசம் 51. அதாவது கிட்டத்தட்ட 2.4 மடங்கு வேலை. பகல் 12 மணி நேரத்துக்கு மட்டும் அப்படி, ராத்திரி பழையபடி என்று வைத்தாலே ஒரு நாளைக்கு 60 ஏஹெச்சைத் தாண்டுகிறது. சூட்டில் கம்ப்ரசரின் திறனும் குறைவதை இதில் சேர்க்கவே இல்லை.

இரண்டாவது வரி, பேனல். அதில் அச்சடித்திருக்கிற 120 வாட், சதுர மீட்டருக்கு 1000 வாட் வெளிச்சத்தில், செல்லின் சூடு 25 டிகிரியாக இருக்கும்போது கிடைப்பது. கூரையில் காய்கிற பேனல் 65 டிகிரியைத் தொடும்; சிலிக்கான் செல் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் இழக்கிறது. அதோடு என்னுடையது விலை குறைந்த பிடபிள்யூஎம் கன்ட்ரோலர். அது 18 வோல்ட் பேனலை இழுத்துப் பேட்டரியின் 13 வோல்ட்டில் உட்கார வைத்துவிடும். நல்ல உச்சி வெயிலிலேயே கைக்கு வருவது 85 வாட்தான்.

அதைவிடப் பெரிய ஓட்டை, கணக்கு கேட்கவே கேட்காத ஒரு கேள்வி: வண்டி எங்கே நிற்கிறது? நிழலில் நிறுத்தினால் ஃப்ரிட்ஜுக்கு நல்லது, பேனலுக்குச் சோறு இல்லை. வெயிலில் நிறுத்தினால் பேனல் சாப்பிடும், அதைவிட அதிகமாக ஃப்ரிட்ஜ் சாப்பிடும். மர்ரே கரை முழுக்க ரெட் கம் மரங்கள். காற்றே இல்லாத நாளிலும் பெரிய கிளை முறிந்து விழும் என்று அதன் அடியில் கூடாரம் போட வேண்டாம் என்பார்கள். நான் அடியில் போகாமல் கொஞ்சம் தள்ளி நிறுத்தினேன். நிழல் பாதி நாள் என் கூரையில்தான் விழுந்தது. நாள் முழுக்க வந்த வரவு 20 ஏஹெச் இருந்தால் அதிகம்.

சரி, இவ்வளவு இருந்தும் பேட்டரியில் பாதி மிச்சம் இருந்திருக்க வேண்டுமே? இருந்தது! இங்கேதான் மூன்றாவது வரி உடைகிறது. அன்று ராத்திரி பேட்டரி முனையில் வைத்துப் பார்த்தபோது மீட்டர் 12.2 வோல்ட் காட்டியது. லெட்-ஆசிட் பேட்டரிக்கு அது ஏறக்குறைய பாதி சார்ஜ். ஆனால் ஃப்ரிட்ஜோ பேட்டரி தீர்ந்துவிட்டது என்று முடிவு பண்ணி நின்றுவிட்டது.

காரணம் வயர். வண்டியோடு வந்த பின்பக்க சாக்கெட்டின் 1.5 சதுர மி.மீ. வயரையே நான் இரண்டாம் பேட்டரிக்கு மாற்றிக் கொடுத்திருந்தேன். போக 5 மீட்டர், வர 5 மீட்டர். செம்புக்கு 0.12 ஓம், சிகரெட் லைட்டர் பிளக்கின் தளர்ந்த தொடுமுனைக்கு ஒரு 0.05. கம்ப்ரசர் 5 ஆம்பியர் இழுக்கும்போது வழியிலேயே 0.85 வோல்ட் காலி. 12.2இல் புறப்பட்டது 11.35ஆகப் போய்ச் சேர்கிறது. ஃப்ரிட்ஜின் பாதுகாப்பு எல்லையை 11.4இல் வைத்திருந்தேன். நின்றதும் மறுபடி தொடங்க அதைவிட உயர்ந்த வோல்ட் வேண்டும். முடிந்தது கதை.

கணக்கு எண்ணுவது ஏஹெச்சை. ஃப்ரிட்ஜ் பார்ப்பது வோல்ட்டை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வயரை யாரும் எண்ணுவதில்லை. என் விமர்சனம் இவ்வளவுதான்.

இதற்கு வழக்கமாகச் சொல்லும் வைத்தியம், "லித்தியத்துக்கு மாறு, பேனலை இரட்டிப்பாக்கு." லித்தியம் போட்டால் பிரச்சினை நிஜமாகவே மறைந்துவிடும், மறுக்கவில்லை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் கிட்டத்தட்ட தீரும் வரை 13 வோல்ட் பக்கத்திலேயே நிற்கும், 0.85 போனாலும் 12க்கு மேல்தான் மிச்சம். ஆனால் அப்போது மோசமான வயர் அப்படியே இருக்கும், பேட்டரிக்குப் பேர் கிடைக்கும். அதே வயரில் நாளைக்கு இன்னொரு கருவியைச் செருகினால் பிளக் சூடாகும்.

நான் முதலில் மாற்றியது வயரைத்தான். கடையில் கவனமாக இருக்க வேண்டும்: இங்கே "6 மி.மீ. ஆட்டோ கேபிள்" என்று விற்பதில் அந்த 6, மேல் உறையோடு சேர்ந்த விட்டம். உள்ளே செம்பு 5 சதுர மி.மீ.கூட இருக்காது. நான் போட்டது 6 பி அண்ட் எஸ், சுமார் 13.5 சதுர மி.மீ. செம்பு, முனையில் ஆண்டர்சன் பிளக். இழப்பு 0.1 வோல்ட்டுக்குள் அடங்கிவிட்டது. அடுத்து, கூரைப் பேனலுக்குப் பதில் மடக்குப் பேனல், நீள வயரோடு. வண்டி நிழலில், பேனல் வெயிலில். கன்ட்ரோலரைப் பேனலோடு விடாமல் பேட்டரி பக்கத்தில் வைத்தேன். இல்லாவிட்டால் அது வயரின் அந்த முனையிலிருந்து பார்த்து, பேட்டரி நிறைந்துவிட்டது என்று தப்பாக நினைத்துக்கொள்ளும். பேட்டரி அதே பழைய 100 ஏஹெச்தான்.

மூன்று வரிக் கணக்கைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கடைக்குப் போகும்போது எந்த அளவில் தேடுவது என்று அது சொல்லும். ஆனால் அது மெல்போர்னின் ஜனவரிக்கும் ஜூனுக்கும் ஒரே "5 மணி நேரம்" என்கிறது. ஜூன் மாதம் இங்கே படுக்கை வசத்தில் கிடக்கும் பேனலுக்கு 2 மணி நேரம்கூடத் தேறாது. கிளம்பும் முன் வீட்டு வாசலிலேயே இரண்டு நாள் ஓட்டி, கம்ப்ரசர் ஓடும்போது ஃப்ரிட்ஜின் பிளக்கில் வோல்ட்டை அளந்து பாருங்கள். அந்த ஒரு எண் போதும்.

அந்த ராத்திரி என்ன ஆச்சு என்று சொல்லவில்லையே. பதற்றத்தில் எஞ்சினைப் போட்டு, ஃப்ரிட்ஜை மைனஸுக்குத் திருகப் போனேன். அம்மா கையைப் பிடித்தார்: "டேய், உறைஞ்சா அது வீண்டா. சூடு கொஞ்சம் தாங்கும், ஐஸ் தாங்காது." முழுக்கச் சரி. உறைந்த இன்சுலினை அப்புறம் பயன்படுத்தவே கூடாது. இந்த மாதிரிப் பெட்டிகளில் பக்கச் சுவரை ஒட்டி வைத்தாலே உறைந்துவிடும். 17 டிகிரியில் சில மணி நேரம் இருந்ததால் கெடவில்லை. மறுநாள் மில்டூரா மருந்துக் கடையில் கேட்டு, தேதி எழுதி, நாலு வாரத்துக்குள் முடித்துக்கொண்டோம்.

2012 மின்வெட்டில் மதுரையில் மண்பானைத் தண்ணீரை வைத்தே இன்சுலினைக் காப்பாற்றியவர் அவர். மில்டூராவின் காய்ந்த காற்றில் அது மதுரையைவிட நன்றாகவே வேலை செய்யும். அடுத்த பயணத்தில் மண்பானையும் வண்டியில் ஏறியது. அதற்கு வயர் வேண்டாம்.