அமாவாசையில் வந்த பௌர்ணமி

1991ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி, தீபாவளியன்று, தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்த படங்களுள் ஒரே இசையமைப்பாளரின் பெயரைத் தாங்கிய இரண்டை எடுத்துக்கொள்வோம். மணிரத்னம் இயக்கத்தில் ரஜினிகாந்தும் மம்மூட்டியும் நடித்த ‘தளபதி’ ஒன்று; சந்தானபாரதி இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த ‘குணா’ மற்றொன்று. இரண்டுக்கும் இசை இளையராஜா. முன்னது அந்தத் தீபாவளியின் பெருவெற்றியாக நிலைக்க, பின்னது விமர்சகர்களின் பாராட்டைப் பெற்றும் வசூலில் பின்தங்கிவிட்டது. ஒரு படம் ஓடாமற்போனதற்குக் கதை, திரைக்கதை, பாட்டு, நடிகரின் சந்தை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வது திரைத்துறையின் வழக்கமாதலால், வெளியீட்டுத் தேதி என்னும் காரணத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்துப் பார்ப்பது எளிதன்று. இந்த இணையில் அதற்கு ஓரளவு வழியிருக்கிறது. ஏனெனில் பாட்டு சரியில்லை என்று மட்டும் இங்கே யாரும் சொல்லிவிட முடியாது.

தேதியின் வலிமையை உணர, அக்காலத்து வணிக முறையைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டைச் சென்னை நகரம், செங்கல்பட்டு, கோவை, மதுரை, திருச்சி, சேலம், நெல்லை என்பன போன்ற ‘ஏரியா’க்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்குமான உரிமையைத் தயாரிப்பாளர் விநியோகஸ்தருக்கு விற்பார், பல வேளைகளில் இது ‘மினிமம் கியாரண்டி’ என்னும் முறையில், அதாவது படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் குறிப்பிட்ட தொகை தயாரிப்பாளருக்கு உறுதி என்ற உடன்பாட்டின் பேரில் நடக்கும். படம் பிலிம் சுருளாகப் பெட்டியில் அடைபட்டு ஊர் ஊராகச் சென்ற காலம் அது. அச்சிடப்படும் பிரதிகள் குறைவாதலால், ‘ஏ சென்டர்’ எனப்பட்ட பெருநகர அரங்குகளில் ஓடி முடித்த பெட்டியே பிறகு ‘பி’, ‘சி’ சென்டர்களான சிற்றூர்க் கொட்டகைகளுக்குப் போகும். முதல் இரண்டு வாரத்தில் பெருநகரத்தில் எழுந்த பேச்சே பின்னர் வரும் ஊர்களில் அந்தப் பெட்டியின் விலையைத் தீர்மானிக்கும். பண்டிகை நாளில் நான்கைந்து பெரிய படங்கள் ஒன்றாக வரும்போது, ஊரில் இருக்கும் நல்ல அரங்குகள் பங்கு போடப்படுகின்றன. கூட்டம் குறைந்த படத்தை எடுத்துவிட்டு நிறைந்த படத்துக்கு இடம் கொடுக்க அரங்க உரிமையாளர் அதிக நாள் காத்திருப்பதில்லை. மெல்லப் பரவும் நற்பேச்சை, வணிகர் மொழியில் ‘மவுத் டாக்’கை, நம்பியிருக்கும் படம் அந்தப் பேச்சு பரவுமுன்பே அரங்கை இழந்துவிடுவது இப்படித்தான்.

இனி இசைக்கு வரலாம். இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு முதலில் புலப்படுவது, இளையராஜா இரண்டிலும் பழந்தமிழ்ப் பக்திப் பாடலைத் திரைப்பாட்டின் உடலுக்குள் வைத்துத் தைத்திருக்கிறார் என்பது. ‘தளபதி’யில் எஸ்.பி. பாலசுப்ரமணியமும் ஸ்வர்ணலதாவும் பாடிய ‘ராக்கம்மா’ பாட்டு, ஆட்டமும் கொட்டுமாகப் போய்க்கொண்டிருக்கையில், நடுவே அப்பர் தேவாரம் ஒன்று எழுந்து முழுக் கூட்டத்தின் வேகத்தையும் அடக்கிவிட்டு, மீண்டும் ஆட்டத்துக்கு வழிவிடுகிறது. ‘குணா’வில் யேசுதாஸ் பாடிய ‘பார்த்த விழி’யில் அபிராமி அந்தாதியின் செய்யுள் ஒன்று இடம்பெறுகிறது, ஆனால் அங்கே அது இடையீடாக ஒலிக்கவில்லை, பாட்டு முழுவதும் எதை நோக்கிப் போகிறதோ அந்த இடமாக அமைகிறது. இந்தப் பாடல் மேளகர்த்தா ராகங்களுள் 41ஆவதான பாவனியில் அமைந்ததென்று இசையறிந்தோர் குறிப்பர். மேளகர்த்தா என்பது ஏழு சுரங்களும் முறையாக அமைந்த தாய் ராகம். அவற்றுள்ளும் பாவனி, சுத்த ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒன்றையொன்று இடிக்கும் அளவுக்கு நெருங்கி நிற்கும் விவாதி மேளம், அதாவது சுரங்களுக்குள்ளேயே ஒரு பிணக்கை வைத்திருக்கும் ராகம். மனநலம் குன்றிய ஒருவன் கோயிலில் ஒரு பெண்ணைக் கண்டு அம்பிகையென்றே நம்பிவிடும் கணத்துக்கு, இனிமையும் நெருடலும் பிரிக்க முடியாதபடி கலந்த இந்த ராகத்தைக் காட்டிலும் பொருத்தமானது கிடைத்திருக்குமா என்பது ஐயமே. கூட்டத்தை ஆடவைக்கும் பாட்டுக்குப் பண்டிகை நாள் பக்கபலமாக நிற்கும். விவாதி மேளத்துக்கு எந்தப் பண்டிகையும் உதவாது.

இதில் கவனிக்கத்தக்க இன்னொரு முரணும் உண்டு. திருக்கடையூர் அபிராமி பட்டர் தை அமாவாசை நாளைப் பௌர்ணமி என்று அரசனிடம் சொல்லிவிட, அம்பிகை தன் தோட்டை வீசி வானில் நிலவொளி காட்டினாள் என்பது அந்தாதி பிறந்த கதை. ‘குணா’வின் நாயகனோ அபிராமியைப் பௌர்ணமியன்று மணக்கக் காத்திருப்பவன். அப்படிப்பட்டவனின் கதையை அமாவாசையை ஒட்டியே வரும் தீபாவளியில் வெளியிட்டார்கள். பட்டருக்கு நேர்ந்த அற்புதம் வசூலுக்கு நேரவில்லை.

‘குணா’ எவ்வகைப் படம் என்பதற்கு இரண்டு காட்சிகள் போதும். குணா சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே தன் கதையைச் சொல்லும் காட்சியில், வேணுவின் கேமரா அவனோடு சேர்ந்து சுழல்கிறது. பேச்சு நேர்கோட்டில் செல்லாமல் தொடங்கிய இடத்துக்கே வந்துவந்து முட்டுவதை நடையே காட்டிவிடுவதால், பாலகுமாரனின் வசனத்தைக் காதால் கேட்பதோடு கண்ணாலும் பின்தொடர வேண்டியிருக்கிறது. முதல் நாள் முதல் காட்சியின் விசிலும் காகிதத் தூவலும் நிறைந்த அரங்கில் இக்காட்சியின் பாதிச் சொற்கள் காதில் விழுந்திருக்குமா என்று எண்ணிப் பார்க்கலாம். அடுத்தது, கொடைக்கானல் குகைக்குள் படமான ‘கண்மணி அன்போடு’. காதலன் கடிதம் சொல்ல, அவள் எழுதி, எழுதியதைப் படித்துக் காட்டுகிறாள். கமல்ஹாசனின் குரல் பேச்சாகக் கிடப்பதை ஜானகியின் குரல் எடுத்துப் பாட்டாக்கித் தருகிறது. அவன் மீண்டும் பேச்சுக்கு நழுவுகிறான், அவள் மீண்டும் பாட்டுக்கு உயர்த்துகிறாள். எழுத வராதவனின் மனம் இன்னொருத்தியின் வாயில்தான் வடிவம் பெறுகிறது என்ற கதையின் சாரம் முழுவதையும், வாலியின் வரிகளோடு சேர்த்து, மெட்டின் அமைப்பே சொல்லிவிடுகிறது. தமிழ்த் திரையிசையில் பேச்சு கலந்த பாட்டுகள் பல உண்டு. பேச்சு எங்கே முடிந்து பாட்டு எங்கே தொடங்குகிறது என்பதையே கதையாக்கிய பாட்டு அரிது.

ஆயினும் எல்லாப் பழியையும் தேதியின்மேல் போடுவது நேர்மையாகாது. ஒரு பெண்ணைக் கடத்திச் சென்று மலைமேல் சிறைவைப்பதைக் காதலாகக் காட்டும் கதை அன்றைய குடும்பப் பார்வையாளரை மிரட்டியிருக்கும். இன்றைய பார்வையாளருக்கும் அது வேறு காரணத்தால் உறுத்தும். இருவரும் இறக்கும் முடிவும் பண்டிகைக்கு உகந்ததன்று. ஆனால் இதே படம் போட்டியில்லாத ஒரு மாதத்தில் சில அரங்குகளில் தொடங்கி மெல்லப் பரவியிருந்தால், அதைத் தேடிவந்த பார்வையாளரையாவது அது அடைந்திருக்கும். தீபாவளி அதற்குக் கொடுத்தது பெருங்கூட்டம், ஆனால் வேறொன்றைத் தேடிவந்த கூட்டம்.

இதே கணக்கு பதினோரு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் நடந்தது; இசையமைப்பாளர் மட்டும் வேறு. 2003 ஜனவரி 10 அன்று தரணி இயக்கத்தில் விக்ரம் நடித்த ‘தூள்’ வந்தது. ஐந்து நாள் கழித்துப் பொங்கலுக்குச் சுந்தர் சி. இயக்கத்தில் கமல்ஹாசனும் மாதவனும் நடித்த ‘அன்பே சிவம்’ வந்தது. இரண்டுக்கும் இசை வித்யாசாகர். விஜய்யின் ‘வசீகரா’வும் விஜயகாந்தின் ‘சொக்கத்தங்க’மும் அதே பொங்கலில் அரங்குகளைப் பகிர்ந்துகொண்டன. பரவை முனியம்மாவின் குரலை எடுத்து அரங்கை அதிரவைத்த ‘தூள்’ இசைக்கும், மழையில் விமானம் இன்றிப் புவனேஸ்வரத்தில் சிக்கிக்கொண்ட இரு அந்நியர்களின் பயணத்துக்கு ஏற்ப அடக்கி வாசித்த ‘அன்பே சிவம்’ இசைக்கும் ஒரே மனிதரே பொறுப்பு என்பதை, பெயரைப் பார்க்காமல் கேட்டுச் சொல்வது கடினம். கதிரவன் வந்து நின்ற வாரத்தில் நிலவைப் பார்க்கச் சொன்னது போலாயிற்று. இங்கே தேதியின் தவறு பொங்கலோடு முடியவில்லை. பிப்ரவரி 9இல் தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பை கிரிக்கெட் தொடங்கி, மார்ச் 23இல் இந்தியா இறுதிப் போட்டியில் ஆடும்வரை மாலைப் பொழுதுகளைத் தொலைக்காட்சி பிடித்துவைத்தது. மார்ச் மாதமோ வழக்கம்போலப் பொதுத்தேர்வு மாதம், பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் அரங்கின் பக்கம் தலைகாட்டாத காலம். மெதுவாகப் பரவும் படத்துக்கு வேண்டிய ஆறேழு வாரங்கள் நாட்காட்டியிலேயே இல்லை. விபத்தில் உருக்குலைந்த உடலோடும் தடித்த கண்ணாடியோடும் நல்லசிவமாக வரும் கமல்ஹாசனின் நடிப்பைத் தமிழ்நாடு பிற்பாடு தொலைக்காட்சியில் பார்த்துத்தான் கொண்டாடியது.

கடல் கடந்தும் இதற்கு ஓர் இணை உண்டு, அதுவும் இசையை ஒட்டியதே. 1982 ஜூன் 11 அன்று அமெரிக்காவில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ வெளியாகி, வேற்றுக்கிரகவாசி என்றாலே பிள்ளைகள் கட்டிக்கொள்ளும் அன்புருவம் என்று உலகை நம்பவைத்தது. சரியாக இரண்டு வாரம் கழித்து, ஜூன் 25 அன்று, அதே யூனிவர்சல் நிறுவனம், அண்டார்டிகா ஆய்வு நிலையத்தில் மனிதர்களின் உருவத்தையே திருடிக்கொள்ளும் கொடிய வேற்றுயிர் பற்றிய ஜான் கார்ப்பென்டரின் ‘தி திங்’ படத்தை வெளியிட்டது. ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேடு ரன்னர்’ வந்ததும் அதே நாளில். சுமார் 1.5 கோடி டாலரில் எடுத்த ‘தி திங்’ அமெரிக்காவில் 2 கோடி டாலரை எட்டவில்லை. கார்ப்பென்டர் தம் படங்களுக்குப் பெரும்பாலும் தாமே இசையமைப்பவர். இதற்கோ இத்தாலியின் என்னியோ மோரிக்கோனேயை அழைத்திருந்தார். தொடக்கத்திலேயே வரும் அந்தத் தாழ்ந்த, நெஞ்சுத் துடிப்பு போன்ற ஒலி பனிவெளியின் வெறுமையை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறது. அந்த இசைக்குக் கிடைத்தது, ஆண்டின் மோசமானவற்றைக் கேலியாகத் தேர்ந்தெடுக்கும் கோல்டன் ராஸ்பெரி விருதின் பரிந்துரை! அப்படத்துக்காக மோரிக்கோனே எழுதிப் பயன்படாமல் கிடந்த சில பகுதிகளைக் க்வென்டின் டரான்டினோ 2015இல் ‘தி ஹேட்ஃபுல் எய்ட்’ படத்தில் எடுத்தாண்டார். அந்தப் படத்தின் இசைக்குத்தான் மோரிக்கோனேவுக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது.

யாரும் முன்கூட்டிக் கணிக்க முடியாத தேதிகளும் உண்டு. 2020 மார்ச் 13இல் வெளியான ‘தாராள பிரபு’, பெருந்தொற்றால் அரங்குகள் மார்ச் 17 முதல் மூடப்பட்டதும் நான்கே நாளில் திரையை இழந்தது. இது கெட்ட நேரம். மேலே சொன்னவை கெட்ட கணிப்பு. இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது.

இந்தப் படங்களில் முதலில் மீண்டது இசை என்பதற்குத் தமிழ்நாட்டில் எளிய காரணம் ஒன்று உண்டு. பாடல்கள் படத்துக்கு முன்பே ஒலிநாடாவாகவும் குறுந்தகடாகவும் அந்நாளில் கடைக்கு வந்துவிட்டதால், அவற்றின் வாழ்வு வெளியீட்டுத் தேதிக்குக் கட்டுப்பட்டிருக்கவில்லை. படம் பெட்டிக்குள் போன பிறகும் தேநீர்க் கடையிலும் பேருந்திலும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ‘அன்பே சிவ’த்துக்காகப் பதிவாகிப் படத்தில் இடம்பெறாமலே போன ‘மௌனமே பார்வையாய்’ இன்றும் கேட்கப்படுகிறது. அதற்குப் படமே தேவைப்படவில்லை. ‘குணா’வின் குகைக்குள் 2006இல் விழுந்த ஒருவரை நண்பர்கள் மீட்ட உண்மை நிகழ்வை வைத்துச் சிதம்பரம் இயக்கிய மலையாளப் படம் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’, 2024 பிப்ரவரி 22இல் வெளியாகி, உச்சக் காட்சியில் ‘கண்மணி அன்போடு’ பாட்டை ஒலிக்கவிட்டபோது தமிழ்நாட்டு அரங்குகள் ஆர்ப்பரித்தன. தேர்வுக் காலம் என்று வணிகர்கள் ஒதுக்கும் பருவம் அது. பெரிய தமிழ்ப் படங்கள் களத்தில் அதிகம் இல்லாததே அந்த மலையாளப் படத்துக்குத் தேதியின் கொடையாக அமைந்தது. குகையின் பெயர், பாட்டு, இரண்டும் ‘குணா’ தந்தவை. வசூல் மட்டும் வேறொரு படத்துக்குப் போனது.

அதே ஆண்டின் இறுதியில் ‘குணா’வும் மறுவெளியீடாக அரங்குக்கு வந்தது. ஆயினும் புதிய தலைமுறை அப்படத்தை இன்னும் பெரும்பாலும் ஒரே பாட்டின் வழியாகத்தான் அறிந்திருக்கிறது. அதை மீண்டும் பார்க்க நேர்வோர், ‘கண்மணி’க்காகக் காத்திருக்காமல், யேசுதாஸின் குரலில் அந்தாதி வந்து சேரும் இடத்தையும், சுவரோரம் சுழலும் அந்த நடையையும் முதலிலிருந்தே பொறுமையாகப் பார்த்துக் கேட்க வேண்டும், படத்தின் ஆற்றல் அங்கேதான் இருக்கிறது.