கான்கிரீட்டில் ஓர் ஓக் மரம்

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், மெமோரியல் பார்க் என்னும் அடக்கத்தலத் தோட்டத்தில் 'ஆபிரகாமின் ஓக் மரம்' நிற்கிறது. ஆள் நுழையத்தக்க பொந்தும் வெடித்த பட்டையும் கொண்ட முதிர்ந்த அடிமரம். தொட்டுப் பார்த்தாலன்றிச் சிமெண்டுச் சாந்து என்று தெரியாது. நபி இப்ராஹீம் (அலை) அவர்களிடம் விருந்தினராக வானவர்கள் வந்த செய்தியைத் திருக்குர்ஆன் கூறுகிறது. அங்கே மரத்தைப் பற்றிய பேச்சில்லை. மரத்தடியில் விருந்து என்பது பைபிளின் வருணனை. ஹெப்ரோனில், அதாவது அல்-கலீலில், அம்மரமென்று போற்றப்பட்டு வந்ததன் சாயலே மெம்ஃபிஸில் நிற்பது.

இதைச் செய்தவர் மெக்சிகோவில் பிறந்த தியோனீசியோ ரோட்ரிகஸ் (1891–1955). டெக்சஸின் சான் அன்டோனியோவில் குடியேறி, 1935 முதல் மெம்ஃபிஸில் பணியாற்றினார். இரும்புக் கம்பிகளால் எலும்புக்கூடு கட்டி, கம்பி வலை சுற்றி, முரட்டுச் சாந்து அப்பி, மேற்பூச்சு ஈரமாக இருக்கும்போதே பட்டையின் வரிகளைக் கீறுவது அவர் முறை. சாந்து இறுகுமுன் முடிக்க வேண்டுமாதலால் கையின் வேகமும் தயக்கமும் அப்படியே உறைந்துவிடுகின்றன.

ஒரு பொருளை வேறொரு பொருளாகக் காட்டுவதைப் பொய் என்று 1849இல் கண்டித்தார் ஜான் ரஸ்கின். மார்க்கச் சட்டத்தின் நோக்கில் இங்கே இடர்ப்பாடில்லை. உருவம் வரைந்து பிழைத்தவருக்கு, உயிரற்றவற்றையும் மரங்களையும் வரையலாமென இப்னு அப்பாஸ் (ரலி) வழிகாட்டியது அறிந்த செய்தி. ஆயினும் அனுமதி வேறு, அழகு வேறு. கிரானடாவின் அல்ஹம்ராவில் 14ஆம் நூற்றாண்டுக் கலைஞர்கள் ஜிப்சம் சாந்தைக் கையாண்டபோது, இலையையும் கொடியையும் வடிவக் கணிதத்துக்குள் உருக்கினார்கள். அந்தச் சுவர் எதையும் நம்பவைக்க முயல்வதில்லை. அந்த நெறியில் வளர்ந்த கண்ணுக்கு ரோட்ரிகஸின் பட்டையும் முடிச்சும் முதலில் வித்தையாகவே தோன்றும்.

ஆனால் அவருடைய பாலங்களைப் பார்க்கையில் அத்தீர்ப்பு தளர்கிறது. கிளைகள் பின்னியது போன்ற கைப்பிடி கையைத் தாங்குகிறது. பாலம் ஆளைச் சுமக்கிறது. பொருள் மரமன்று, பயன் மெய். மாறாக, வடக்கு லிட்டில் ராக்கில் 1933இல் எழுந்த பழைய ஆலை, கைவிடப்பட்டதுபோலவே கட்டப்பட்ட, ஒருநாளும் மாவரைக்காத ஆலை. 'கான் வித் த விண்ட்' திரைப்படத்தின் (1939) தொடக்கக் காட்சியில் இடம்பெற்ற புகழைக் கழித்தால், இல்லாத பழமைக்கான ஏக்கமே மிஞ்சுகிறது. ரஸ்கினின் கண்டனம் பொருந்துவது இங்கேதான்.

இன்று சுவர்களில் சாந்து பூசிப் பாறையாக்குவோர் பலர் ரப்பர் அச்சுகளைப் பதிக்கிறார்கள். அதே வெடிப்பு ஆறடிக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. இயற்கையில் எந்தப் பாறையும் தன்னை இப்படி நகலெடுப்பதில்லை. கையால் செதுக்குவோர் சிலர் எஞ்சியுள்ளனர். கூலி கட்டுப்படியாகாததால் அவர்களும் அச்சை நாடுகின்றனர்.

ரோட்ரிகஸ் தம் சாயக் கலவைகளை மறைவாகவே கலந்தார். உதவியாளர்களிடம்கூட முழுமையாகச் சொன்னதில்லை. மழைநீர் புகுந்த இடங்களில் உள்ளே கம்பி துருப்பிடித்துச் சாந்தைப் பிளக்கும். ஒட்டுப்போடுவோர் நிறத்தை ஊகித்தே கலக்க வேண்டும். அல்-கலீலின் பட்டுப்போன மரம் 2019இல் சரிந்து விழுந்தது.