எந்தப் புண் விழுப்புண்?

தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் போகிற வழியில் கோயில்வெண்ணி. பஸ்ஸை விட்டு இறங்குகிற பாதிப் பேர் சர்க்கரை வியாதிக்காகக் கரும்பேஸ்வரரைக் கும்பிட வருபவர்கள் (நானும் அதுக்குத்தான் போனேன்). கோயிலைச் சுற்றி வயல். கரிகாலன் சண்டை போட்ட வெண்ணி இதுதான் என்கிறார்கள்.

அந்தப் போரில் கரிகாலன் மார்பைக் குறித்து எறிந்த வேல், சேரமான் பெருஞ்சேரலாதனின் முதுகிலும் புண்ணை உண்டாக்கியது. அவன் ஓடவில்லை, நேருக்கு நேர்தான் நின்றான். ஆனாலும் முதுகில் புண் என்றால் புறப்புண், அவமானம். வடக்கிருந்து உயிரை விட்டான். விதி புண்ணின் இடத்தை மட்டும் பார்த்தது, அது எப்படி வந்தது என்று கேட்கவில்லை. எங்கள் தொழிலில் இதற்கு 'கண்டிஷன் தப்பு' என்போம். இதைக் கண்டுபிடித்தவர் இந்த ஊர்க்காரர் வெண்ணிக் குயத்தியார். ஜெயித்த கரிகாலனிடமே, உன்னைவிட அவன் நல்லவன் இல்லையா என்று பாட்டில் கேட்டுவிட்டார்.

இப்போது பதக்கத்துக்கு வருவோம். வாஷிங்டன் 1782-இல் ஊதாத் துணியில் இதய வடிவில் ஒரு பட்டயம் கொடுத்தார். ஆனால் அது காயத்துக்கு அல்ல, திறமைக்கு. 1932-இல் அதைப் பர்ப்பிள் ஹார்ட்டாக உயிர்ப்பித்தபோதுதான் காயம் உள்ளே வந்தது. ஜெர்மனி 1918-இல் காயங்களை எண்ணியே கொடுத்தது: ஒன்றிரண்டுக்குக் கறுப்பு, மூன்று நான்குக்கு வெள்ளி, ஐந்துக்கும் அதற்கு மேலும் தங்கம். 96 புண் பட்டதாகப் புலவர்கள் பாடும் நம்ம விஜயாலய சோழனுக்கு எதைக் கொடுப்பார்களோ!

இந்தியாவில் காயப் பதக்கம் 1973-இல் வந்தது, இன்றைய பெயர் பராக்ரம் பதக். எதிரியின் நேரடித் தாக்குதலில் பட்ட காயமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. புண் மார்பிலா முதுகிலா என்று யாரும் கேட்பதில்லை, பெரிய முன்னேற்றம்தான். ஆனால் இடத்தைக் கேட்ட விதி போய், யார் அடித்தது என்று கேட்கிற விதி வந்திருக்கிறது.

சியாச்சினை எடுத்துக்கொள்ளுங்கள். 1984-லிருந்து நம் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். குண்டைவிடப் பனியும் உயரமும்தான் அதிகம் பேரைக் கொன்றிருக்கின்றன. 2016 பிப்ரவரியில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 10 பேர் பனிச்சரிவில் போனது நினைவிருக்கும். பனிக்கடியில் விரல்களை இழந்து திரும்புகிறவன் செய்தியில் வருவதில்லை. விதியின் அந்த வரியை அப்படியே படித்தால், பதக்கமும் அவனுக்கு இல்லை. அமெரிக்க விதியும் பனிக்கடியை வெளிப்படையாக விலக்குகிறது.

எல்லாக் காயத்துக்கும் கொடுத்தால் பதக்கத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பாசறையில் கிரிக்கெட் ஆடிக் காலை உடைத்துக்கொண்டவனுக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. பென்ஷன், இழப்பீடு எல்லாம் வேறு கணக்கு, அதையும் இங்கே இழுக்கவில்லை. நெஞ்சில் குத்தும் அந்த வெள்ளை-சிவப்புப் பட்டையைப் பற்றி மட்டும்தான் பேச்சு. 'எதிரியின் நேரடித் தாக்குதல்' என்ற இடத்தில், எதிரிக்கு எதிராக நிறுத்தப்பட்ட காவல் முனையில் பட்ட பனிக்கடியையும் சேர்த்தால் போதும். ஒரு வரித் திருத்தம்தான்.