எடுத்ததும் விட்டதும்

கையால் செய்த கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டை கைக்கு வந்தால், அதை விளக்கின் பக்கம் சற்றே சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்க்கும்போது வண்ணமும் படமும் தெரியும். செய்தவரின் வேலை தெரிவது சாய்த்துப் பார்க்கும்போதுதான். வெட்டிய ஓரம் எவ்வளவு துல்லியமாக நிற்கிறது, ஓர் அடுக்கின் நிழல் அடுத்த அடுக்கின் மேல் எவ்வளவு தூரம் விழுகிறது, வெட்டி எடுத்த நட்சத்திரத்தின் வெற்றிடத்தில் உள்ளிருந்து என்ன நிறம் எட்டிப் பார்க்கிறது என்பதெல்லாம் அப்போது புலப்படும். மலேசியாவில் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கிளம்பி சிரம்பான், நீலாய், போர்ட்டிக்சன் தாமான் குடியிருப்புகளில் குடியேறிய கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கலையை அறிந்த கைகள் இருக்கின்றன. அந்தக் கைகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

இந்த வெட்டுகளைப் போட உதவுவது டை; வெட்டும் விளிம்பு கொண்ட எஃகு அச்சு அது. தாளின் மேல் டையைக் கவிழ்த்து, மேலும் கீழும் பிளாஸ்டிக் தட்டுகளை அடுக்கி, ஒரு கைப்பொறியின் இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டுக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். தட்டுகள் முறுகும் ஓசை கேட்கும். மறுபக்கம் வந்ததும் பிரித்தால் நட்சத்திரம் தனியாகவும் நட்சத்திர வடிவ ஓட்டையுள்ள தாள் தனியாகவும் கிடைக்கும். மின்சாரம் வேண்டாம், சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை போதும்.

'வடிவத்தைப் பொறி வெட்டிக் கொடுத்துவிடுகிறதே, அப்புறம் இதில் கைவேலை எங்கே இருக்கிறது?' என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே டையை நான்கு பேரிடம் கொடுத்துப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். ஒருவர் வெள்ளைத் தாளில் வெட்டி வெள்ளையின் மேலேயே ஒட்டி, நிழலை மட்டும் பேசவிடுவார். இன்னொருவர் நட்சத்திரத்தை ஒதுக்கிவிட்டு ஓட்டையைப் பயன்படுத்துவார். மூன்றாமவர் ஒரே வடிவத்தை ஐந்து முறை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, செதுக்கிய மரம் போன்ற கனத்தைக் கொண்டுவருவார். நான்காமவர் ஜிகினாவும் முத்தும் ரிப்பனும் சேர்த்து, எங்கே பார்ப்பது என்று கண் தடுமாறும்படி செய்துவிடுவார். நான்கு அட்டைகளிலும் வெட்டு ஒன்றுதான். எதை எடுப்பது, எதை விடுவது, எங்கே நிறுத்துவது என்ற முடிவுகளில்தான் அட்டைகள் வேறுபடுகின்றன.

இந்தக் கலையின் தொடக்கம் தாளில் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் காலணித் தொழிலாளர்கள் ஒரே அளவிலான தோல் துண்டுகளை வேகமாக வெட்டி எடுக்க இரும்பு அச்சுகளைப் பயன்படுத்தினார்கள். அதே முறை தாளுக்கும் வந்தது. ஜெர்மனியின் அச்சகங்கள் பல வண்ணக் கல்லச்சில் தேவதைகளையும் பூக்களையும் அச்சிட்டு, புடைப்பு ஏற்றி, ஓரங்களை அச்சால் வெட்டி, சிறு காகிதப் பட்டிகளால் இணைத்த தாள்களாக உலகெங்கும் அனுப்பின. அவற்றைப் பிரித்தெடுத்து அட்டைகளிலும் ஆல்பங்களிலும் ஒட்டுவது விக்டோரியா காலத்து வீடுகளின் பொழுதுபோக்கு. கிறிஸ்மஸ் அட்டையே அப்போதுதான் பிறந்திருந்தது. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் கேட்டுக்கொள்ள, ஓவியர் ஜான் கால்காட் ஹார்ஸ்லி வரைந்து கொடுத்த படம் கல்லச்சில் அடிக்கப்பட்டது. வண்ணம் கையால் தீட்டப்பட்டது. விலை ஒரு ஷில்லிங். அச்சில் வந்த முதல் அட்டையிலும் கடைசி வேலையைச் செய்தது கைதான் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இன்னொரு பழைய உறவும் உண்டு. பிரான்சிலும் ஜெர்மனியிலும் கன்னியர் மடங்களில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சிறு கத்தியால் தோல்தாளைச் சரிகைபோலக் குடைந்து, நடுவில் புனிதரின் உருவத்தை வரைந்தார்கள். பிறகு பாரிசில் சாங் சுல்பீஸ் ஆலயத்தைச் சுற்றியிருந்த அச்சகங்கள் அந்தச் சரிகை ஓரத்தை அச்சால் வெட்டிப் பெருவாரியாக வெளியிட்டன. பாட்டியின் ஜெபப் புத்தகத்துக்குள் சரிகை ஓரம் வைத்த புனிதர் படத்தைப் பார்த்திருப்பவர்கள், டை கட் வேலையின் மூத்த தலைமுறையைத் தொட்டுப் பார்த்தவர்கள்தாம்.

வீட்டுக்கு இந்தப் பொறி வந்தது பள்ளிக்கூடத்தின் வழியாக. அமெரிக்காவில் 1977இல் தொடங்கிய எலிசன் நிறுவனம், வகுப்பறைச் சுவருக்கு எழுத்து வெட்டி ஓய்ந்த ஆசிரியர்களுக்காக ஒரு கைப்பொறியைச் செய்தது. அதே நிறுவனம் 2001இல் சிசிக்ஸ் என்ற பெயரில் வீட்டு மேசைக்கு ஏற்ற சிறிய பொறியைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்து டைகளில் மரப்பலகையில் எஃகு அலகைப் பதித்து, அலகின் இருபுறமும் நுரை ரப்பர் ஒட்டியிருப்பார்கள். அழுத்தும்போது ரப்பர் அமுங்கி அலகுக்கு வழிவிடும். அழுத்தம் நீங்கியதும் எழும்பித் தாளை அலகிலிருந்து தள்ளிவிடும். அது இல்லாவிட்டால் வெட்டிய தாள் அலகோடு சிக்கிக்கொள்ளும். இன்று புழங்கும் தகட்டு டைகளில் அந்த நுரை கிடையாது. அதனால்தான் நுணுக்கமான வெட்டுக்குத் தாளுக்கும் டைக்கும் நடுவே மெழுகுத்தாள் வைக்கிறோம். ஒட்டிக்கொண்ட துணுக்குகளைப் பின்பக்கத் துளைகள் வழியே ஊசியால் தள்ளி எடுக்கிறோம்.

அழுத்தத்தைப் பற்றித் தோட்டத்தில் வளர்ந்தவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது கத்தி சீவி எடுக்கும் பட்டை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலே இருக்கும், அவ்வளவுதான். மேலாக வெட்டினால் பால் ஒழுங்காக இறங்காது. ஆழமாக வெட்டினால் கத்தி மரத்தைத் தொட்டுவிடும். அந்த இடம் முடிச்சு விழுந்து, புதுப்பட்டை மேடு பள்ளமாக வளரும். 1890களில் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் தாவரவியலாளர் ரிட்லி ஆராய்ந்து சொன்ன முறையை, விடியற்காலை இருட்டில் நெற்றி விளக்கோடு மரத்துக்கு மரம் நடந்தவர்களின் மணிக்கட்டுகள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தன. டை வேலையும் அதே அளவறிவைக் கேட்கிறது. தட்டுகளின் அடுக்கு மெலிந்தால் தாள் பாதி வெட்டோடு தொங்கும். அடுக்கு தடித்தால் டை வளையும், தட்டு பிளக்கும். ஒரு மூலை மட்டும் வெட்டாமல் நின்றால், அந்த இடத்துக்கு நேராக ஒரு துண்டு மெல்லிய தாளைத் தட்டின்மேல் வைத்து மறுபடியும் சுற்றத் தெரிய வேண்டும். கைப்பிடி கொடுக்கும் எதிர்ப்பை வைத்தே உள்ளே என்ன நடக்கிறது என்று பழகிய கை சொல்லிவிடும்.

தாளையும் அறிய வேண்டும். அட்டையின் அடித்தாள் 250 முதல் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற அளவு) வரை இருந்தால் விறைப்பாக நிற்கும். சரிகை போன்ற வெட்டுகளுக்கு 120 முதல் 160 வரை போதும். தாளுக்கு இழை ஓட்டம் உண்டு. அந்தத் திசையிலேயே மடித்தால் மடிப்பு வெடிக்காது. மடிக்கும் முன் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அடிக்கோலை ஒட்டி ஒரு கோடு அழுத்திக்கொண்டால், பள்ளிக்கூட மணிலா அட்டைகூடக் கடையில் வாங்கியதுபோல மடியும். நம் ஊர் டிசம்பரில் மழை அதிகம். காற்றின் ஈரத்தைத் தாள் குடித்துவிடும். ஈரமேறிய தாளில் இழைகள் நறுக்கென்று அறுபடாமல் இழுபடும். ஓரம் பஞ்சுபோலப் பிசிறடிக்கும். இதற்கு மருந்து நம் வீடுகளிலேயே இருக்கிறது. மூடி இறுகிய பழைய பிஸ்கட் டின்னில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, தாளை அதற்குள் ஒருநாள் வைத்திருந்து வெட்டிப் பாருங்கள். ஓரம் எவ்வளவு சுத்தமாக வரும் என்பதைக் கண்ணால் காண்பீர்கள்.

இனி என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான பொருளுக்கு வருகிறேன்: ரப்பர் இலையின் நரம்புக்கூடு. உலகெங்கும் அட்டை செய்பவர்கள் வாங்கும், மெல்லிய துணிபோல ஒளி ஊடுருவும் இலைக்கூடுகளில் பெரும்பகுதி ரப்பர் இலையிலிருந்து செய்யப்படுகிறது. தாய்லாந்தில் அதற்கென்றே பட்டறைகள் இருக்கின்றன. முற்றிய இலைகளைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைத்தால் சதை அழுகிப் பிரியும். அவசரமென்றால் சலவைச் சோடா கரைத்த நீரில் கொதிக்கவைக்கலாம். பிறகு தட்டையான தட்டில் இலையைப் பரப்பி, மெல்லிய தூரிகையால் நடு நரம்பிலிருந்து ஓரத்தை நோக்கித் தடவித் தடவிச் சதையை நீக்க வேண்டும். எஞ்சும் வலையை வெளுத்து, புத்தகத்துக்குள் வைத்து உலர்த்தினால், எந்த எஃகு டையும் வெட்ட முடியாத நுணுக்கம் கையில் இருக்கும். ரப்பர் மரம் ஆண்டுத் தொடக்க மாதங்களில் இலையைச் சிவக்கவைத்து உதிர்த்துவிடும். ஆகவே டிசம்பர் அட்டைக்கான வேலை உண்மையில் ஜனவரியிலேயே, இலை உதிரும் முன்பே தொடங்குகிறது. செம்பனை வந்து ரப்பர்க் காடுகள் சுருங்கிய பிறகும், கோலப்பிலா, ரெம்பாவ் பக்கத்துச் சிறுதோட்டங்களில் இந்த இலை இன்னும் கிடைக்கிறது.

இந்த வலையை அட்டையில் எப்படி வைப்பது என்பதில்தான் ரசனை இருக்கிறது. மேல்தாளில் நட்சத்திரத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்த வெற்றிடத்தின் பின்னால் நரம்புக்கூட்டை ஒட்டி, அதற்கும் பின்னால் இளமஞ்சள் தாளை வைத்துப் பாருங்கள். டையின் கூரிய நேர்க்கோடும் இலையின் கிளைவிடும் கோடும் ஒரே சட்டத்துக்குள் சந்திக்கின்றன. ஒன்று எஃகு செய்தது, மற்றது மரம் செய்தது. இரண்டிலும் அழகு வந்தது நீக்கியதால்தான். இதன் பக்கத்தில் ஜிகினா தேவையில்லை. வேறு எதுவும் தேவையில்லை.

எடுப்பதால் அழகு செய்யும் வித்தை நமக்குப் புதிதும் அன்று. கல்யாணத்துக்கும் ஆலயத் திருநாளுக்கும் தென்னங்குருத்தை மடித்து, அளவுகோல் வைக்காமல் நறுக்கி, உதறிப் பிரித்துத் தோரணம் கட்டியவர்கள் நம் பெரியவர்கள். மூங்கில் பத்தையை வளைத்து, வண்ணத் தாள் ஒட்டி, உள்ளே விளக்கு வைத்துத் தோட்டத்து லயன் வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்கவிட்டவர்களும் அவர்களே. தாளுக்குப் பின்னால் ஒளி வந்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

கடையில் கிடைக்கும் டைகளில் பனித்துகளும் கலைமானும் ஊசியிலை மரமும்தான் மிகுதி. பனித்துகளை நான் குறை சொல்லமாட்டேன். ஆறு பக்கமும் ஒத்துவரும் அதன் வடிவம் வெட்டுக்கென்றே பிறந்ததுபோல அமைந்திருக்கிறது. ஆனால் மூன்று சிற்றிலைகள் கொண்ட ரப்பர் இலைக்கொத்து எந்த வகையில் குறைந்தது? லாலாங் புல் வேய்ந்த குடிலின் கூரையும், செம்பனை மட்டையின் சீப்புப் போன்ற ஓரமும் தாளில் எவ்வளவு அழகாக விழும்! டை இல்லாவிட்டாலும் கூர்மையான கைக்கத்தியும் வெட்டுப் பலகையும் இருந்தால் இவற்றை வெட்டலாம்.

அப்படிச் சொந்தமாக வரைபவர்கள் ஒரு விதியை மறக்கக் கூடாது. தாளில் முழுதாகச் சுற்றி வெட்டிய எதுவும் கீழே விழுந்துவிடும். சிக்குக் கோலத்தை அப்படியே வெட்டினால் நடுவிலுள்ள கண்ணெல்லாம் உதிர்ந்துவிடும். அங்கங்கே மெல்லிய பாலம் விட்டுத்தான் வெட்ட வேண்டும். பாலத்தை எங்கே விடுவது என்று தீர்மானிப்பதே அந்த வேலையின் பாதி. தமிழ் எழுத்துகளிலும் இதே சிக்கல் உண்டு. 'கிறிஸ்மஸ்' என்று வெட்டினால் இரண்டு புள்ளிகளும் தனித்து நிற்கும். சிலர் மெல்லிய காம்பு விட்டு எழுத்தோடு இணைப்பார்கள். எனக்குப் பிடித்த வழி வேறு: புள்ளி வரும் இரண்டு இடங்களிலும் மிகச் சிறிய பொன்னிற நட்சத்திரங்களை இடுக்கியால் எடுத்து ஒட்டிவிடுவது. எழுத்தும் பிழையாகாது, திருநாளும் எழுத்துக்குள் வந்துவிடும்.

அடுக்குகளைத் தூக்க நுரை டேப் நல்லது. ஒரு மில்லிமீட்டர் உயரம் மென்மையான நிழலைத் தரும். மூன்று மில்லிமீட்டர் அழுத்தமான நிழலைத் தரும். மூன்று உயரங்களுக்கு மேல் போனால் கண்ணுக்கும் களைப்பு, தபாலில் போகும்போது நசுங்கும் ஆபத்தும் உண்டு. உறைக்குள் ஒரு வெற்று அட்டையைக் காவலாக வைத்து அனுப்புவது செய்தவருக்கும் பெறுபவருக்கும் மரியாதை.

ஒரு டையும் ஒரு பொறியும் ஒரு குடும்பத்துக்கு மட்டும் வாங்குவது செலவுதான். ஆனால் ஓர் ஆலயத்தின் மறைக்கல்வி வகுப்போ தமிழ்ப்பள்ளியின் கலை வகுப்போ சேர்ந்து வாங்கினால் அது பல ஆண்டுகள் உழைக்கும். பிள்ளைகளிடம் முதலில் ஒரே ஒரு நட்சத்திர டையைக் கொடுங்கள். ஒரு தாளில் ஒருமுறை வெட்டி, இரண்டு அட்டைகள் செய்யச் சொல்லுங்கள்: ஒன்றில் நட்சத்திரம் மேலே ஒட்டியிருக்கட்டும், மற்றதில் நட்சத்திரத்தின் வெற்றிடம் இருக்கட்டும். எதுவும் குப்பைக்குப் போகாது. இரண்டும் இரண்டு வீடுகளுக்குப் போகும். வெட்டி எடுத்ததும் வெட்டாமல் விட்டதும் சம மதிப்புள்ளவை என்பதைப் பத்து வயதில் கற்றுக்கொண்ட பிள்ளை, பின்னாளில் எந்தக் கலைக்குப் போனாலும் அளவறிந்து நிற்கும்.