பேக்கிரவுண்டுக்குப் போனது செயலியா, ஆளா?

செயலி திரையில் தெரிந்தால் ஃபோர்கிரவுண்ட். திரையை விட்டுப் போனால் பேக்கிரவுண்ட். இந்த மாற்றத்தைக் கவனிக்க எல்லாத் தளத்திலும் வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ஆன்பாஸ், ஆன்ஸ்டாப்; ரியாக்ட் நேட்டிவில் ஆப்ஸ்டேட். எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லித்தரும் பயிற்சிக் கட்டுரைகளும் ஏராளம். கண்டுபிடித்த பிறகு அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்கிறோம் என்பதில்தான் எனக்குச் சண்டை.

"செயலி பேக்கிரவுண்டுக்குப் போனது" என்று லாக் சொல்கிறது. "பயனர் கிளம்பிவிட்டார்" என்று டாஷ்போர்டு படிக்கிறது. இரண்டும் ஒன்றா?

ஜவ்வாது மலையை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிற மலை. ஜமுனாமரத்தூரை விட்டு உள்ளே, பள்ளத்தில் இருக்கிற ஊர்களுக்குப் போகப் போக சிக்னல் கோடு ஒவ்வொன்றாகக் குறையும். மேடு பார்த்து ஏறித்தான் பேச வேண்டும். (வானம் இருட்டாக இருக்கிறது என்பதற்காக இதே மலையின் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்தார்கள். தொலைவில் இருக்கிற நட்சத்திரம் அங்கே நன்றாகவே கிடைக்கிறது, பக்கத்து டவர்தான் சிரமம்.)

இந்த மாதிரி இடத்தில்தான் 100 நாள் வேலையின் வருகைப்பதிவு போனுக்கு வந்தது. என்எம்எம்எஸ் செயலி 2021 மே மாதம் அறிமுகமானது. தனிநபர் பயனாளி வேலைகள் நீங்கலாக எல்லாப் பணித்தளங்களுக்கும் 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. ஒரு நாளில் இரண்டு முறை, இடமும் நேரமும் பதிந்த படம் எடுக்க வேண்டும். படம் ஏறினால்தான் வருகை, வருகை இருந்தால்தான் கூலி. சிக்னல் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று நாடு முழுக்கக் குரல் எழுந்தது. படத்தை எடுத்து வைத்துக்கொண்டு சிக்னல் வந்தபின் ஏற்றலாம் என்று அமைச்சகம் விளக்கம் சொன்னது. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் "எடுத்து வைத்துக்கொள்வது" என்பது போனுக்குள் எவ்வளவு நொய்யான காரியம் என்பதை யாரும் பேசவில்லை.

அந்த ஒரு செயலியின் உட்புறத்தைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. படம் கேட்கிற எந்தச் செயலிக்கும் இது பொருந்தும். பல செயலிகள் படம் எடுக்க போனிலேயே இருக்கிற கேமரா செயலியைத்தான் கூப்பிடுகின்றன. கேமரா திறந்த நொடியில் நம்ம செயலி பேக்கிரவுண்டுக்குப் போகிறது. கேமராவோ நினைவகத்தை வாரிச் சாப்பிடும். 2 ஜிபி ராம் போனில் ஆண்ட்ராய்டு இடம் தேடும், பின்னால் சும்மா நிற்கிற செயலியைக் கொல்லும். படம் எடுத்து முடித்து டிக் தட்டித் திரும்பினால், செயலி முதல் திரையிலிருந்து தொடங்குகிறது. எந்தக் கோப்பில் படம் இருக்கிறது, யார் பெயரை டிக் செய்தோம், எல்லாம் போச்சு. பணித்தளப் பொறுப்பாளர் எங்கேயும் போகவில்லை. செயலி கேட்ட வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்.

இதே நிகழ்வை அளவீட்டுக் கருவியின் கண்ணால் பாருங்கள். கூகுள் அனலிட்டிக்ஸ் ஈடுபாட்டு நேரத்தை எண்ணுவது செயலி ஃபோர்கிரவுண்டில் இருக்கும்போது மட்டும். வழக்கமான அமைப்பில் 30 நிமிடம் அசைவில்லை என்றால் அந்த அமர்வு முடிந்தது, அடுத்தது புதுக் கணக்கு. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேடு ஏறி, சிக்னல் பிடித்து, படத்தை ஏற்றிய மனிதர் இரண்டு அமர்வாகப் பிளந்து தெரிவார். நடந்த நேரம் எந்தக் கணக்கிலும் வராது. பொருள் விற்கிற கடைக்கு இந்தக் கணக்கு போதும். கூலி தருகிற செயலிக்கு அதே கண்ணாடியை மாட்டினால் "ஆர்வமில்லாத பயனர்" என்றுதான் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், திரையை விட்டு மறைந்ததெல்லாம் வெளியேறியது ஆகாது என்று கூகுளுக்கே தெரியும். ஆண்ட்ராய்டில் முழுச் செயலியின் நிலையையும் கவனிக்க ப்ராசஸ் லைஃப்சைக்கிள் ஓனர் என்று ஒரு வசதி. கடைசித் திரை மறைந்ததும் அது உடனே "பேக்கிரவுண்ட்" என்று அறிவிக்காது, 700 மில்லிசெகண்ட் பொறுத்துப் பார்க்கும். போனைத் திருப்பினால் திரை அழிந்து மறுபடி உருவாகிறதே, அதைத் தவறாக எண்ணிவிடக்கூடாது என்பதற்காக. ஆக, போனைத் திருப்புவதற்குச் சலுகை உண்டு. மலை ஏறுவதற்குச் சலுகையை நாம்தான் எழுத வேண்டும்.

எழுதுவது கஷ்டமும் இல்லை. ஆன்ஸ்டாப் வந்ததும் "பயனர் போனார்" என்று சர்வருக்குச் சொல்ல ஓடுவதை விட்டுவிட்டு, முதலில் கையில் இருப்பதைப் போனிலேயே எழுத வேண்டும். ஆன்சேவ்இன்ஸ்டன்ஸ்ஸ்டேட் மட்டும் போதாது. நினைவகம் இல்லாமல் ஆண்ட்ராய்டு கொன்றால் அது தாங்கும். ஆள் கையாலேயே செயலியைத் தள்ளி மூடினால் தாங்காது. சார்ஜ் மிச்சமாகும் என்று எல்லாச் செயலியையும் வரிசையாகத் தள்ளிவிடுகிற பழக்கம் நம்ம ஊரில் யாருக்கு இல்லை? ஆகவே எஸ்க்யூலைட்டில் எழுதுங்கள். கேமராவைக் கூப்பிடுவதற்கு முன்பே கோப்பின் பாதையை எழுதுங்கள். ஏற்றும் வேலையை வொர்க்மேனேஜரிடம் கொடுத்தால் சிக்னல் வந்தபின் அது பார்த்துக்கொள்ளும்.

அளக்கத்தான் வேண்டும் என்றால் வேறொன்றை அளக்கலாம். 2020இல் வந்த ஆண்ட்ராய்டு 11 முதல், போன தடவை செயலி ஏன் செத்தது என்று செயலியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்: நினைவகக் குறைவா, செயலி நொறுங்கியதா, ஆளே மூடினாரா என்று. எல்லாப் போனும் நினைவகக் காரணத்தைச் சொல்வதில்லை. சொல்கிற போன்களில் கிடைப்பதே நிறைய. எத்தனை பேர் படம் எடுக்கப் போன இடத்தில் செயலியை இழந்தார்கள், திரும்பியபோது படிவம் இருந்ததா என்ற எண்ணிக்கையை எந்த டாஷ்போர்டிலும் முதல் வரிசையில் நான் பார்த்ததில்லை.

சோதனை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டெவலப்பர் ஆப்ஷனில் திரைகளை உடனுக்குடன் அழிக்கிற சுவிட்ச் இருக்கிறது. அதை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு "சரியாகத்தான் இருக்கு" என்று முடித்துவிடாதீர்கள். அது திரையைத்தான் அழிக்கும், ப்ராசஸ் உயிரோடு இருக்கும், நினைவகத்தில் வைத்ததெல்லாம் பத்திரமாகத் தெரியும். கேமரா திறந்திருக்கும்போது ஏடிபி வழியாகப் ப்ராசஸையே கொன்றுவிட்டுத் திரும்பி வாருங்கள். இல்லை, ஒரு பழைய 2 ஜிபி போனை எடுத்துக்கொண்டு ஜமுனாமரத்தூர் பஸ் ஏறுங்கள்.