சுரிமோனோ: பாவும் படமும்

ஜப்பானிய மரக்கட்டை அச்சோவியம் என்றதும் ஹொக்குசாய் வரைந்த பேரலையே பலர் நினைவுக்கு வரும். அது கடையில் விலைபோனது. அவ்வோவியரே பாவலர் குழுக்களின் வேண்டுகோட்கிணங்க, விற்பனைக்கன்றி வரைந்தளித்தவையும் பல. அவையே சுரிமோனோ எனப்படுவன.

1790 முதல் 1830 வரையிலான ஆண்டுகளில், எடோ நகரில் 'கியோக்கா' என்னும் 31 அசை கொண்ட நகைச்சுவைப் பா பாடும் குழுக்கள் செழித்திருந்தன. குழுவினர் தம் பாக்களை ஓவியத்துடன் அச்சிட்டுப் புத்தாண்டில் நண்பர்க்கு வழங்கினர். ஆதாயம் கருதாமையால் தடித்த தாளும், பொன்னும் வெள்ளியும்போல் மின்னும் உலோகத் தூளும், மையின்றி அழுத்திய புடைப்பு வேலையும் அவற்றில் தாராளமாக இடம்பெற்றன.

இன்று காண்போர் இம்மினுக்கை வியந்து பாவை மறந்துவிடுகின்றனர். நீளத் தாள்களில் பா அச்சிட்ட பாதியைக் கத்தரித்து நீக்கி, படத்தை மட்டும் பேணியோரும் உளர். இது பெரும் பிழை. சுரிமோனோவில் படம் பாவுக்கு உரையன்று. பா சொல்லாது விட்டதைக் குறிப்பாற் சொல்வது. பாம்பு ஆண்டின் புத்தாண்டுத் தாளில் பாம்புக்கு மாறாக பீவா என்னும் நரம்புக் கருவியேந்திய பென்சைத்தென் தோன்றுவதுண்டு. பாம்பு அத்தெய்வத்தின் தூதன் என்பதை அறிந்தார்க்கே அக்குறிப்பு விளங்கும். பென்சைத்தென் வேறு யாருமல்லள். பௌத்தத்துடன் கிழக்கே சென்ற நம் கலைமகளே!

சிலரே அறியும் குறிப்புகளால் ஆன இக்கலை குறுகியதன்றோ எனலாம். குறுகியதே. எனினும், ஓவியனையும் கட்டை செதுக்குவோனையும் தன் பாவுக்கு ஒத்த துணைவராக மதித்த பாவலன் அங்கே இருந்தான். ஆசிரியப் பெருமக்களே, படத்தைக் காட்டும்போது பாவையும் சேர்த்தே காட்டுங்கள்.