ஆவி பேசுகிறது, நீதி பேசக் காணோம்!

"காசு கொடுத்துச் சிறை புகுவார் உண்டோ?" என்று கேட்டால், கேலி என்பீர்கள். உண்டு, தோழர்களே, உண்டு! கனடா நாட்டுத் தலைநகரான ஒட்டாவாவில், 1862இல் எழுந்த கற்சிறையொன்று, மனிதர் இருக்கத் தகாத இடம் என்ற கண்டனத்துக்கிடையே 1972இல் மூடப்பட்டது. மறு ஆண்டே பயணிகள் விடுதியாயிற்று! கைதி புரண்ட கொட்டடியிலே பயணிக்குப் படுக்கை; காவலன் உலவிய தாழ்வாரத்திலே இளைஞர்தம் சிரிப்பொலி.

இதிலே குற்றம் காண நாம் முனையவில்லை. விலங்கு பூட்டிய இடத்திலே விருந்து நடப்பது வரவேற்கத்தக்கதே. இடித்துத் தள்ளியிருந்தால் தூக்குமேடையும் மறைந்திருக்கும். அதை அழியாமல் காத்தார்கள், நன்று. நம் கேள்வி வேறு. அந்த மேடையைக் காட்டி, வருவோர்க்கு என்ன கதை சொன்னார்கள்?

பேய்க்கதை! 1869இல் தூக்கிலிடப்பட்ட வீலன் என்பானின் ஆவி, நள்ளிரவில் படுக்கையின் கால்மாட்டிலே வந்து நிற்குமாம்! படித்த நாடு, பாராளும் மன்றம் கூடும் தலைநகர். அங்கேயும் ஆவிக்கு இத்தனை ஆதரவு!

ஆவியை விடுவோம், ஆளைப் பார்ப்போம்.

பாட்ரிக் ஜேம்ஸ் வீலன், அயர்லாந்திலே பிறந்த தையற்காரன். 1868 ஏப்ரல் 7ஆம் நாள், கனடா கூட்டாட்சியை அமைத்தோரில் ஒருவரான டார்சி மெக்கீ, மன்றத்திலிருந்து வீடு திரும்புகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆங்கில ஆட்சிக்கெதிராக ஆயுதமேந்திய ஃபீனியர் இயக்கத்தை மெக்கீ கண்டித்து வந்தவர். ஐயம் வீலன்மீது பாய்ந்தது. அவனிடம் கைத்துப்பாக்கியும் இருந்தது. சிறையிலே அவன் பேசியதை ஒட்டுக்கேட்டதாகச் சாட்சி வந்தது. வழக்கு நடக்கையில், நாட்டின் தலைமையமைச்சர் மக்டானல்டு, மெக்கீயின் நண்பர், நீதிபதியின் அருகே ஆசனமிட்டு அமர்ந்திருந்தார்! தண்டனை விதித்த நீதிபதியே, பின்னர் பதவி உயர்ந்து, மேல்முறையீட்டைக் கேட்ட மன்றத்திலும் அமர்ந்தார்! மாமியார் குற்றத்தை மாமியாரே விசாரித்த கதையன்றோ இது?

"நான் கொல்லவில்லை" என்றே வீலன் இறுதிவரை கூறினான். 1869 பிப்ரவரி 11ஆம் நாள், கொட்டும் பனியிலே, ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் வேடிக்கை பார்க்க, அவன் கழுத்திலே கயிறு விழுந்தது. உடலைச் சிறை வளாகத்திலேயே புதைத்தனர்.

அவன் குற்றமற்றவன் என்று நாம் தீர்ப்பெழுதவில்லை. வரலாற்றாசிரியர்களே இன்றும் வாதிடுகின்றனர். ஆனால், ஐயம் நீங்காத வழக்கிலே, திருத்தவே முடியாத தண்டனை தரலாமா? இதுவே அந்த மேடை கேட்கும் கேள்வி. ஆவிக்கதையோ அந்தக் கேள்வியின் வாயைப் பொத்துகிறது! பேய் வந்தால் பயணி போர்வைக்குள் ஒளிவான், அவ்வளவே. வழக்கு வந்தால், சட்டம் கூசும், அரசு பதில் சொல்ல நேரும். எனவேதான் எங்கும் பேய்க்குப் பெருவாழ்வு!

அச்சம் விலை போகும். ஆராய்ச்சி விலை போகாது என்று எண்ணுகிறார்கள் போலும். ஆனால், ஆராய்ந்த மக்களே அந்நாட்டில் வென்றனர். 1962க்குப் பிறகு கனடாவிலே தூக்குக்கயிறு எவர் கழுத்தையும் நெரிக்கவில்லை. 1976இல் கொலைக்குற்றத்துக்கான மரண தண்டனையே சட்டத்திலிருந்து நீங்கிற்று. அதைச் செய்தது ஆவியல்ல, அறிவு!

2002இல், வீலனின் எலும்பைக் காண முடியாத நிலையில், சிறை வளாகத்து மண்ணை ஒரு பெட்டியிலிட்டு, மாண்ட்ரீலிலே அவன் மனைவி துயிலும் கல்லறைத் தோட்டத்திலே அடக்கம் செய்தனர். ஒரு பெட்டி மண்! பழஞ்சிறையைக் காணச் செல்லும் இளைஞனே, இருட்டிலே ஆவியைத் தேடாதே. வெளிச்சத்திலே நின்று வழக்கைப் படி. பிடிமண்ணாய்ப் போன அந்த மனிதனுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை அதுவே!